புதிய ஏற்பாட்டின் ஒரு பகுதியை வரலாற்றுச் சான்றாக எடைபோடுவது எப்படி? லூக்காவின் இரண்டு இடங்களை வைத்து ஒரு முழு வழிகாட்டி

"பைபிளை வரலாறாக நம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே சண்டைக்குப் போய்விடுகிறார்கள். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. புதிய ஏற்பாடு என்பது 27 நூல்கள். கடிதம் உண்டு, சரிதை உண்டு, தரிசனம் உண்டு. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தராசில் ஏற்றினால் எதன் எடை எது என்று எப்படித் தெரியும்?

அதனால் சின்னதாக ஆரம்பிப்போம். லூக்கா நற்செய்தியையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் எழுதியவர் ஒருவரே என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இடம் எடுத்துக்கொள்கிறேன்: லூக்கா 2:1-7, அதாவது இயேசு பிறந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் குடிமதிப்பு (மக்கள் கணக்கெடுப்பு), அப்போஸ்தலர் 18:12-17, கொரிந்துவில் ரோம ஆளுநர் கல்லியோன் முன் பவுல் நிறுத்தப்பட்ட வழக்கு. எழுதிய கை ஒன்றுதான், ஆனால் முடிவு ஒன்றாக வராது.

இதை நாலைந்து பேரோடு உட்கார்ந்து பல முறை செய்து பார்த்திருக்கிறேன். சபைக்குத் தவறாமல் போகிறவர்களும் இருந்தார்கள், எதையும் நம்பாதவர்களும் இருந்தார்கள். இரு தரப்பும் வழுக்கிய இடங்கள் ஒன்றுதான், விழுந்த பக்கம்தான் வேறு. பெரும்பாலும் படிகளின் வரிசையை மாற்றியதுதான் காரணம்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள். ஒன்று, புரொட்டஸ்டன்ட் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதல். இன்னொன்று, 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. நடை பிடிக்கிறதா இல்லையா என்பது இங்கே விஷயமில்லை. பழையது முன்பு அச்சில் புழங்கிய கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றுகிறது. புதியது பழம்பிரதிகளை ஒப்பிட்டுச் சீர்செய்த பாடத்தைப் பின்பற்றுகிறது. இரண்டும் வேறுபடுகிற இடம் கண்ணில் பட்டால், அடியில் கிரேக்கப் பிரதிகளே வேறுபடுகின்றனவோ என்று சந்தேகப்படலாம். கிரேக்கம் தெரியாதவருக்கு இதைவிட மலிவான எச்சரிக்கை மணி கிடைக்காது.

அடுத்து, யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிய 'யூதர்களின் தொல்வரலாறு'. 17, 18, 20 ஆகிய புத்தகங்கள் போதும். காப்புரிமை முடிந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு. பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள்: வசனம், அது சொல்லும் செய்தி, வேறு யார் சொல்கிறார்கள், என் முடிவு. நான்காவது பத்தி கடைசி வரை காலியாக இருக்க வேண்டும். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் முதல் நாளே அதை நிரப்பிவிட்டவர்கள் மீதி மூன்று பத்தியையும் அதற்கு ஏற்றபடி வளைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2. வசனத்தைத் தனித்தனிச் செய்திகளாகப் பிளந்து எழுதுங்கள்

லூக்கா 2:1-7 பார்ப்பதற்கு ஒரே செய்தி மாதிரி இருக்கும். உள்ளே குறைந்தது நான்கு இருக்கின்றன. ரோமப் பேரரசர் அகஸ்து உலகமெங்கும் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டார். அப்போது சீரியாவின் ஆளுநராக இருந்தவர் குவிரினியு (பெயரின் எழுத்து மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறும், பழைய திருப்புதலில் சிரேனியு). அவரவர் தம் ஊருக்குப் போய்ப் பதிந்தார்கள், யோசேப்பு தாவீதின் வம்சம் என்பதால் பெத்லகேமுக்குப் போனார். இயேசு அந்தச் சமயத்தில் பிறந்தார்.

இதை ஏன் பிளக்க வேண்டும்? ஒன்று சரியாக இருந்து இன்னொன்று தவறாக இருக்கலாம். பிளக்காவிட்டால் ஒன்றுக்குக் கிடைத்த சான்றை நான்குக்கும் ஒட்டிவிடுவோம், அல்லது ஒன்றில் கண்ட பிழையை நான்கின் மேலும் பூசிவிடுவோம்.

சோதிக்க முடியாத செய்திகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். தேவதூதன் வந்தானா என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லப்போவதில்லை. "இதை எப்போது முதல் நம்பினார்கள்" என்பது வரலாற்றுக் கேள்வி, அதற்கு விடை தேடலாம். "அது நடந்ததா" என்பதை இந்த நோட்டு தாங்காது.

3. முதலில் வாசகத்தைத் தீர்மானியுங்கள், நிகழ்வு அப்புறம்

புதியவர்கள் தாண்டிக் குதிக்கிற படி இதுதான். ஆசிரியர் என்ன எழுதினார் என்று தெரியாமல், அவர் எழுதியது நடந்ததா என்று விசாரித்துப் பயனில்லை.

நம் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. அப்போஸ்தலர் 18:17-இல் ஜெப ஆலயத் தலைவன் சொஸ்தேனேயைப் பிடித்து அடித்தது யார்? பழைய திருப்புதலில் "கிரேக்கரெல்லாரும்". சினாய் பிரதி, வத்திக்கான் பிரதி போன்ற பழம்பிரதிகளில் வெறும் "எல்லாரும்" மட்டும்தான். அந்த "எல்லாரும்" யூதர்களா, கிரேக்கர்களா, வேடிக்கை பார்த்த கூட்டமா? படியெடுத்த ஒருவருக்கு இந்தக் குழப்பம் உறுத்தியிருக்க வேண்டும், தெளிவுபடுத்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். தெளிவாக இருந்த சொல்லை எடுத்துவிட்டு வேண்டுமென்றே குழப்பம் உண்டாக்குபவர் அரிது. அதனால்தான் சிக்கலான பாடமே பெரும்பாலும் பழையது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வாசகமே பெரிய சிக்கலாக இருக்கிற இடங்கள் சில உண்டு, அவற்றை இந்தப் படியிலேயே ஓரம் கட்டிவிடலாம். மாற்கு 16:9-20 சினாய், வத்திக்கான் இரண்டிலும் கிடையாது. இரண்டும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, யோவான் 7:53 முதல் 8:11 வரை, அவற்றிலும் அவற்றுக்கு முந்தைய பப்பைரஸ்களிலும் (நாணல் தாளில் எழுதிய பிரதிகள்) இல்லை. சில பிரதிகளில் அது லூக்கா நற்செய்திக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூன்று பரலோகச் சாட்சிகளைச் சொல்லும் வரி பழைய திருப்புதலில் உண்டு, பொது மொழிபெயர்ப்பில் இல்லை. அறிஞர் எராஸ்முஸ் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் பாடத்தில்கூட அந்த வரி கிடையாது, 1522 பதிப்பில்தான் நுழைந்தது.

லூக்கா 2:2-க்கு வந்தால், பிரதிகளுக்குள் சொல் வரிசையில் சின்ன வேறுபாடுகள் மட்டும்தான். குவிரினியுவின் பெயரைப் பின்னால் யாரோ சேர்த்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. சரி, அடுத்த படிக்குப் போகலாம்.

4. பிரதிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள்

"ஐயாயிரத்துக்கும் மேல் கிரேக்கப் பிரதிகள் இருக்கின்றன, ஆகவே எல்லாம் உண்மை." இந்த வாதத்தைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. எண்ணிக்கை சரிதான். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. அதைவிட முக்கியம், பிரதிகள் சொல்வது படியெடுத்த வேலையைப் பற்றி மட்டுமே. ஒரு செய்தியை ஆயிரம் பேர் பிசகாமல் நகலெடுத்தாலும் செய்தி உண்மையாகிவிடாது.

இதன் மறுபக்கப் பிழையும் உண்டு: "பிரதிகளில் லட்சக்கணக்கான வேறுபாடுகள், ஒன்றையுமே நம்ப முடியாது." அந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி எழுத்துக்கூட்டல், சொல் வரிசை. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் 'ஆண்டுக் குறிப்பு'களில் கடைசிப் பகுதி, நீரோ கிறிஸ்தவர்களைத் தண்டித்ததைச் சொல்லும் பகுதி உட்பட, 11-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றை நம்பித்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை யாரும் தூக்கி எறிவதில்லை.

காலக் கணிப்பிலும் கவனம் வேண்டும். மான்செஸ்டரில் இருக்கும் பி52 என்ற பப்பைரஸ் துண்டில் யோவான் 18-ஆம் அதிகாரத்தின் சில வரிகள், இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவோடு நடந்த உரையாடல், இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டு. 1935-இல் அதை வெளியிட்டபோது 2-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி என்றார்கள், இன்றும் பலர் "கி.பி. 125" என்று ஒரே வருடத்தை அடித்துச் சொல்கிறார்கள். கையெழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பதில் அவ்வளவு கூர்மை கிடையாது. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 3-இன் தொடக்கம் வரைகூடப் போகலாம் என்று பின்னர் காட்டியிருக்கிறார்கள். "முதல் நூற்றாண்டு மாற்கு" என்று சில வருடங்கள் பரபரப்பாகப் பேசப்பட்ட துண்டு 2018-இல் அச்சில் வந்தபோது 2-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 3-இன் தொடக்கம் என்றே வந்தது. அந்தச் செய்தியை நம்பி நோட்டில் எழுதி, பிறகு அடித்தவர்களில் நானும் ஒருவன்.

5. சாட்சிகளை எண்ணும்முன், யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று பாருங்கள்

மூன்று நற்செய்திகள் ஒரு சம்பவத்தைச் சொன்னால் மூன்று சாட்சி என்று எண்ணத் தோன்றும். மாற்குவில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் மத்தேயுவில் இருக்கிறது, பல இடங்களில் சொல்லுக்குச் சொல். பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதிய விடைத்தாளை இரண்டாவது விடையாக எண்ண மாட்டோம் அல்லவா? மாற்குவே முதலில் எழுதப்பட்டது, மற்ற இருவரும் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் அந்தப் பகுதிகளுக்குச் சாட்சி ஒன்று.

பிறப்புக் கதையில் நிலைமை நேர் எதிர். மத்தேயுவில் சாஸ்திரிகள், நட்சத்திரம், எகிப்துக்கு ஓட்டம். லூக்காவில் குடிமதிப்பு, முன்னணை, மேய்ப்பர்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று சொல்வது கடினம். இவ்வளவு வேறுபட்டும் யூதேயாவை ஆண்ட ஏரோது அரசனின் காலம், பெத்லகேம் என்ற இரண்டில் ஒத்துப்போகிறார்கள் (மத்தேயு 2:1, லூக்கா 1:5). அந்த ஒப்புதலை மூன்றாவது பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

6. பவுலின் கடிதம் இருக்கும் இடத்தில் அதை முன்னால் வையுங்கள்

ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன். இந்த ஏழும் பவுலுடையவை என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை கிட்டத்தட்ட இல்லை. கி.பி. 50-களை ஒட்டியவை, நற்செய்திகளுக்கு முந்தியவை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்பந்தப்பட்ட ஆளே பேசுகிறார்.

தன் அழைப்புக்குப் பிறகு உடனே எருசலேமுக்குப் போகவில்லை, மூன்று வருடம் கழித்தே போனேன், பேதுருவோடு 15 நாள் தங்கினேன், கர்த்தரின் சகோதரன் யாக்கோபையும் கண்டேன் என்கிறார் கலாத்தியர் 1-இல். பொய் சொல்லவில்லை என்று தேவனைச் சாட்சிக்கு வேறு அழைக்கிறார். அப்போஸ்தலர் 9-ஐ வாசித்தால் இடைவெளி அவ்வளவு நீளமாகத் தெரியாது. இரண்டும் மோதும்போது நேரடிக் கடிதத்துக்கே முன்னுரிமை. தன் வாதத்துக்காகப் பவுலும் செய்தியைச் சாய்த்துச் சொல்லக்கூடியவர்தான், அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

7. வெளிச்சான்று: கல்லியோன் வழக்கு

இப்போதுதான் கல்வெட்டுகளின் முறை. இதையே முதல் படியாக எடுத்தால், எதைச் சோதிக்கிறோம் என்று தெரியாமல் "கல் கிடைத்தது, பார்த்தாயா!" என்று குதிப்பதில் முடியும்.

கிரேக்க நாட்டு டெல்ஃபியில் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. பேரரசர் கிளாவுதியுவின் கடிதம். அதில் கல்லியோன் பெயரும் பதவியும் இருக்கின்றன, கிளாவுதியு 26-ஆம் முறை வெற்றி வாழ்த்து (படை வெற்றிக்காகப் பேரரசருக்குத் தரும் பட்டம், எண்ணிக்கை காலத்தைக் காட்டும்) பெற்றதும் இருக்கிறது. 27-ஆம் வாழ்த்து 52 ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் வந்துவிட்டது என்று ரோம் நகர நீர்க்கால்வாய்க் கல்வெட்டிலிருந்து தெரிகிறது. ஆகவே கடிதம் அதற்கு முன். அந்தப் பதவிக்காலம் வழக்கமாக ஒரு வருடம், எனவே கல்லியோன் கொரிந்துவில் இருந்தது 51-52 வாக்கில்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். கொரிந்து இருந்த அகாயா மாகாணம் கி.பி. 15 முதல் 44 வரை பேரரசரின் நேரடிப் பொறுப்பில் இருந்தது, அதன் பிறகு மீண்டும் செனட்டிடம், அதாவது ரோம ஆட்சி மன்றத்திடம், வந்தது. செனட் மாகாணத்தை ஆள்பவருக்கு உரிய பட்டம் புரோகான்சல். அப்போஸ்தலர் 18:12-இன் கிரேக்கத்தில் சரியாக அந்தப் பட்டம்தான் இருக்கிறது. சில வருடங்கள் முன்னால் வைத்திருந்தால் தவறாகியிருக்கும். 17:6-இல் தெசலோனிக்கே நகர அதிகாரிகளைக் குறிக்கும் 'பொலிடார்க்' என்ற அபூர்வப் பெயரும் இப்படித்தான், அதே ஊர்க் கல்வெட்டுகளில் கிடைத்திருக்கிறது.

இது எதை நிறுவுகிறது? ஆளும் பதவியும் இடமும் காலமும் சரி. எழுதியவருக்கு ஏஜியன் கடற்கரை நகரங்களைப் பற்றி நல்ல தகவல் இருந்தது. பவுல் அந்த மேடை முன் நின்றதைக் கல் சொல்லவில்லை. கல்லியோன் பேசியதாக வரும் வார்த்தைகளையும் சொல்லவில்லை. பண்டைய வரலாற்றாசிரியர்கள் உரைகளைச் சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி தாங்களே அமைத்து எழுதுவது வழக்கம். 1961-இல் செசரியாவில் கிடைத்த பிலாத்து கல்லுக்கும் இதே அளவுகோல்: பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்தார் என்பதற்கு அது சான்று, விசாரணையில் பேசியதற்கு அல்ல.

யோசேப்பஸை எடுக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. 18-ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி வரும் பத்தியில் கிறிஸ்தவப் படியெடுப்பாளர்களின் கை பட்டிருக்கிறது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். 20-ஆம் புத்தகத்தில் "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு" என்று போகிறபோக்கில் வரும் குறிப்பில் அவ்வளவு சந்தேகம் இல்லை. போகிறபோக்கில் சொன்னதற்கு மதிப்பு கூடுதல், அதில் யாருக்கும் எதையும் நிரூபிக்கிற நோக்கமில்லை.

8. வெளிச்சான்று: குடிமதிப்பு

இங்கே மெதுவாகப் போங்கள். ஏரோது இறந்தது கி.மு. 4 என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. அவர் மகன் அர்கெலாயு சில வருடம் ஆண்டு, பதவி பறிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அதன் பிறகுதான் யூதேயா நேரடி ரோம ஆட்சிக்குள் வந்தது, குவிரினியு வந்து சொத்துக் கணக்கு எடுத்தார். அகஸ்து வென்ற ஆக்டியம் போருக்கு 37-ஆம் வருடம் என்கிறார் யோசேப்பஸ். போர் நடந்தது கி.மு. 31, எண்ணினால் கி.பி. 6 அல்லது 7. (எண்ணும்போது பூஜ்ய வருடம் ஒன்று கிடையாது. கி.மு. 4 முதல் கி.பி. 6 வரை 9 வருடம், 10 அல்ல. எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இதில் மாட்டுவார்.)

ஆக, ஏரோது காலத்துப் பிறப்புக்கும் குவிரினியுவின் குடிமதிப்புக்கும் இடையே சுமார் 9 வருடம். லூக்காவின் சொந்தக் கணக்கே இடிக்கிறது: 3:1-இல் பேரரசர் திபேரியுவின் 15-ஆம் வருடம், அதாவது 28-29 வாக்கு; 3:23-இல் இயேசுவுக்கு ஏறக்குறைய 30 வயது. கி.பி. 6-இல் பிறந்தவருக்கு அப்போது 22 அல்லது 23 தான் ஆகியிருக்கும்.

9. சமாதானங்களையும் அதே தராசில் வையுங்கள்

"குவிரினியு இரண்டு முறை ஆளுநராக இருந்தார், முதல் முறை ஏரோது காலத்தில்." இதற்குக் காட்டப்படும், இத்தாலியின் திவோலி ஊர்க் கல்வெட்டில் பெயரே இல்லை, உடைந்துபோயிருக்கிறது. ஏரோதின் கடைசி வருடங்களில் சீரியாவில் இருந்தவர்கள் சத்துர்னினு, பிறகு வாரு என்று தெரிகிறது.

"குவிரினியு ஆளுநர் ஆவதற்கு முன் நடந்த குடிமதிப்பு என்று மொழிபெயர்க்கலாம்." இலக்கணப்படி முற்றிலும் முடியாதது அல்ல, ஆனால் கிரேக்க வரியின் இயல்பான பொருள் "முதல் குடிமதிப்பு" என்பதே, நம் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளும் அப்படித்தான் எடுத்திருக்கின்றன. சிக்கல் இல்லாத வேறொரு நூலில் இதே வரி வந்திருந்தால் இப்படி வாசித்திருப்போமா என்று கேட்டுப் பாருங்கள்.

"கி.பி. 104-இல் எகிப்தில் எல்லாரும் சொந்த இடத்துக்குத் திரும்பிப் பதியும்படி ஆளுநர் ஆணையிட்ட பப்பைரஸ் இருக்கிறது." இருக்கிறது, உண்மை. ஆனால் அது தங்கள் வீட்டைவிட்டு வெளியே இருப்பவர்களைத் திரும்பக் கூப்பிடுகிறது. ஆயிரம் வருடம் முன் வாழ்ந்த மூதாதையின் ஊருக்கு யாரையும் அனுப்பவில்லை.

எதிர்ப்பக்கத்துக் குதியும் இங்கேதான் நடக்கும்: "குடிமதிப்பு தவறு, ஆகவே இயேசு என்ற ஆளே கற்பனை." இரண்டாம் படியில் ஏன் பிளந்தோம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏரோது காலத்துப் பிறப்பு, ஐந்தாம் படியில் குறித்தபடி, குடிமதிப்பை நம்பி நிற்கவில்லை. அது மத்தேயுவிலும் இருக்கிறது.

10. இப்போது நான்காவது பத்தி

ஆம், இல்லை என்று இரண்டே பெட்டி வைத்தால் நோட்டு பாழ். நான் நான்கு சொல் பயன்படுத்துகிறேன்: உறுதி, பெரும்பாலும், சொல்ல முடியாது, பெரும்பாலும் இல்லை. "பொய்" என்ற சொல்லை எழுதுவதில்லை. அது எழுதியவரின் மனதைப் பற்றிய தீர்ப்பு, நம்மிடம் இருப்பது அவர் எழுத்து மட்டும்தான்.

என் நோட்டில் இப்படி இருக்கிறது. கல்லியோன் 51-52 வாக்கில் அகாயாவின் புரோகான்சல்: உறுதி. பவுல் அந்தக் காலத்தில் கொரிந்துவில் இருந்தது: பெரும்பாலும் (அவர் கடிதங்களும் கொரிந்துவில் தங்கியதைச் சொல்கின்றன). வழக்கு நடந்தது: பெரும்பாலும். கல்லியோன் பேசிய வார்த்தைகள்: சொல்ல முடியாது. ஏரோது காலத்துப் பிறப்பு: பெரும்பாலும். குவிரினியுவின் குடிமதிப்பு அப்போது நடந்தது: பெரும்பாலும் இல்லை. மூதாதையர் ஊரில் பதிவு: பெரும்பாலும் இல்லை.

உங்கள் நோட்டில் ஒரு வரி வேறு மாதிரி வந்தால் தப்பில்லை, எந்தப் படியில் பிரிந்தோம் என்று காட்ட முடிந்தால் போதும்.

தனியாகச் செய்து பார்க்க அப்போஸ்தலர் 5:36-37 நல்ல இடம். 30-களில் நடப்பதாகச் சொல்லப்படும் கூட்டத்தில் யூத போதகர் கமாலியேல் பேசுகிறார்: தெயுதாஸ் எழும்பினான், அவனுக்குப் பின் குடிமதிப்பு நாட்களில் கலிலேயன் யூதாஸ் எழும்பினான். யோசேப்பஸின் 20-ஆம் புத்தகத்தில் ஒரு தெயுதாஸ் வருகிறான், ஆளுநர் ஃபாது காலத்தில், அதாவது 44-46 வாக்கில். யோசேப்பஸும் பிசகக்கூடியவர் என்பதை மூன்றாவது பத்தியில் முதலில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.